இரண்டாவது காரின் விலை

2024 தீபாவளிக்கு முந்தின வாரம் அக்கா மகள் போனில் கூப்பிட்டாள். அவளுக்கும் அவள் கணவருக்கும் சிகாகோவிலும் வேலை தயார், ஹியூஸ்டனிலும் தயார். சம்பளம் ஏறக்குறைய ஒன்றுதான். “மாமா, டெக்சஸ்ல வருமான வரியே கிடையாதாமே? அப்புறம் யோசிக்க என்ன இருக்கு?” என்றாள். நான் ஹியூஸ்டனில் ஆறு வருஷம் குடும்பம் நடத்திவிட்டு 2018-இல் சிகாகோவுக்கு மாறியவன். அதனால்தான் என்னைக் கேட்டாள். “ஒரு வாரம் கொடும்மா, எழுதிக் கூட்டிப் பார்த்துச் சொல்றேன்” என்றேன்.

அந்த ஒரு வாரக் கணக்குதான் இது. இதில் வரும் வரி விகிதங்களும் விலக்குகளும் கட்டணங்களும் 2024-இல் இருந்தவை. குடும்பம் என்பது கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள். இருவர் சம்பளமும் சேர்ந்து ஆண்டுக்கு 1,00,000 டாலர் என்று வைத்துக்கொண்டேன். மத்திய அரசின் வருமான வரி இரண்டு ஊரிலும் ஒன்றே என்பதால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

முதலில் அவள் சொன்ன வரியையே எடுத்துக்கொண்டேன். ஹியூஸ்டன் இருக்கும் டெக்சஸில் மாநில வருமான வரி கிடையாது, அது உண்மை. சிகாகோ இருக்கும் இல்லினாய் மாநிலத்தில் ஏழைக்கும் பணக்காரருக்கும் ஒரே விகிதம், 4.95 சதவீதம். தலைக்கு 2,775 டாலர் கழிவு உண்டு. நான்கு பேருக்கு 11,100 போக மிச்சம் 88,900. அதற்கு வரி 4,401 டாலர்.

அடுத்தது விற்பனை வரி. சிகாகோவில் மொத்தம் 10.25 சதவீதம். இதில் மாநிலம் 6.25, குக் கவுன்டி 1.75, நகராட்சி 1.25 எடுத்துக்கொள்ள, பொதுப் போக்குவரத்துக்கு 1 போகிறது. ஹியூஸ்டனில் 8.25. துணி, செருப்பு, பாத்திரம், மின்சாதனம் என்று ஒரு குடும்பம் ஆண்டுக்கு 20,000 டாலருக்குப் பொருள் வாங்கினால் வித்தியாசம் 400 டாலர். அரிசி, பருப்பு, காய்கறிக்கு டெக்சஸில் வரியே இல்லை. சிகாகோவில் அப்போது 2.25 சதவீதம். மளிகைக்கு மாதம் 800 டாலர் ஆனால் ஆண்டுக்கு 216 டாலர் வரிக்கே போகும். கடையில் பை கேட்டால் ஒரு பைக்கு 7 சென்ட், தண்ணீர் பாட்டிலுக்கு 5 சென்ட் என்று சில்லறை வரிகளும் அப்போது இருந்தன. அவற்றை நான் கூட்டவில்லை.

ஆக, சிகாகோக்காரர் கையிலிருந்து கூடுதலாகப் போவது 4,401, 400, 216. மொத்தம் 5,017 டாலர். இந்த இடத்தில் கணக்கை மூடிவிட்டால் அக்கா மகள் சொன்னதுதான் சரி. ஹியூஸ்டனுக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான். பலரும் இந்த வரிக் கணக்கோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நானும் முதல் தடவை ஹியூஸ்டனுக்குப் போகும்போது அப்படித்தான் நிறுத்தினேன்.

நான் பார்க்காமல் விட்டது கார். அமெரிக்க மோட்டார்வாகனச் சங்கமான ட்ரிபிள் ஏ ஆண்டுதோறும் ஒரு கணக்கு வெளியிடுகிறது. புதுக் கார் ஒன்றை வாங்கி ஆண்டுக்கு 15,000 மைல் ஓட்டினால் எவ்வளவு ஆகும் என்ற கணக்கு அது. தேய்மானம், கடன் வட்டி, காப்பீடு, பெட்ரோல், பராமரிப்பு, டயர், பதிவுக் கட்டணம் எல்லாம் அதில் அடங்கும். 2024-இல் அது 12,297 டாலர். மாதம் ஆயிரத்துக்கும் மேல். இது நாடு முழுவதற்குமான சராசரி.

சிகாகோவில் பேருந்து, ரயில் இரண்டுக்கும் செல்லும் 30 நாள் பாஸ் 75 டாலர். பன்னிரண்டு மாதத்துக்கு 900. ஹியூஸ்டனில் வேலைக்குப் போகும் கணவன் மனைவிக்கு இரண்டு கார் இல்லாமல் முடியாது. ஒன்று மாலை ஐந்தரைக்குக் குழந்தைக் காப்பகத்தின் வாசலில் நிற்க வேண்டும். இன்னொன்று அதே நேரத்தில் நெடுஞ்சாலையில் நகர்ந்துகொண்டிருக்கும். சிகாகோவில் ரயில் நிலையத்துக்கு நடக்கிற தூரத்தில் வீடு பிடித்தால் ஒரு காரும் ஒரு பாஸும் போதும். நோட்டுப் பக்கம் இப்படி நின்றது:

சிகாகோவில் கூடுதலாகப் போவது
மாநில வருமான வரி: 4,401
விற்பனை வரி வித்தியாசம்: 400
மளிகை வரி: 216
கூட்டுத்தொகை: 5,017 டாலர்

சிகாகோவில் மிச்சமாவது
இரண்டாவது கார்: 12,297
கழிக்க, ரயில் பாஸ்: 900
நிகரம்: 11,397 டாலர்

வித்தியாசம் 6,380 டாலர், சிகாகோவின் பக்கம். டாலருக்கு 84 ரூபாய் வைத்தால் 5 லட்சத்து 36 ஆயிரம் ரூபாய்.

அக்கா மகள் உடனே மடக்கினாள். “எல்லாரும் புதுக் காரா மாமா ஓட்டறாங்க?” நியாயமான கேள்வி. பழைய கார் வாங்கி, ட்ரிபிள் ஏ சொல்லும் தொகையில் சரிபாதியில் ஓட்டினால் 6,149 டாலர். பாஸ் 900 போக மிச்சம் 5,249. வரியில் போவது 5,017. இரண்டும் ஏறக்குறைய சரிக்குச் சரி. அதாவது பழைய காரை மலிவாக ஓட்டுகிற குடும்பத்துக்கு இரண்டு ஊரும் ஒன்றே. புதுக் கார் வாங்குகிற குடும்பத்துக்குச் சிகாகோ லாபம். வருமானம் ஏற ஏற வரியும் ஏறுமே என்று அதையும் போட்டுப் பார்த்தேன். மற்ற செலவுகள் அப்படியே இருந்தால், இருவர் சம்பளமும் சேர்ந்து 2 லட்சத்து 29 ஆயிரம் டாலரைத் தொடும்போதுதான் தராசு ஹியூஸ்டன் பக்கம் சாய்கிறது.

இந்தக் கார்க் கணக்கு ஏன் இவ்வளவு பெரிதாக வருகிறது என்பதற்கு ஊர்களின் உடம்பைப் பார்க்க வேண்டும். 2020 மக்கள்தொகைக் கணக்கில் சிகாகோவில் 27,46,388 பேர், நாட்டில் மூன்றாம் இடம். ஹியூஸ்டனில் 23,04,580 பேர், நான்காம் இடம். ஆனால் சிகாகோவின் நிலப்பரப்பு சுமார் 590 சதுர கிலோமீட்டர். ஹியூஸ்டனுடையது சுமார் 1,650. குறைந்த மக்கள், மூன்று மடங்குக்குச் சற்றுக் குறைவான நிலம். சிகாகோவில் எல் என்று சொல்லும் மேம்பால ரயிலின் முதல் பாதை 1892-லேயே ஓடத் தொடங்கிவிட்டது. இன்று எட்டு வழித்தடம், 146 நிலையம். நகரம் ரயிலைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தது. ஹியூஸ்டனின் இன்றைய ரயில் 2004 ஜனவரி 1 அன்றுதான் ஓடத் தொடங்கியது. மூன்று வழித்தடம், சுமார் 37 கிலோமீட்டர். அது வருவதற்குள் ஊர் நெடுஞ்சாலையைப் பிடித்துக்கொண்டு நாலாபக்கமும் படர்ந்துவிட்டது. இந்த இடத்தில் வீடு, இந்த இடத்தில் கடை என்று நிலப்பயன்பாட்டை வகுக்கும் மண்டலச் சட்டம் இல்லாத ஒரே பெரிய அமெரிக்க நகரம் அது. 1948, 1962, 1993 என்று மூன்று முறை மக்கள் வாக்களித்து அந்தச் சட்டத்தை வேண்டாமென்றார்கள். வீடு மலிவாகக் கிடைப்பதற்கும் அது ஒரு காரணம்.

ஹியூஸ்டனின் மேற்கே கேட்டி என்ற புறநகருக்குப் போகும் நெடுஞ்சாலையை 2008-இல் அகலப்படுத்தி முடித்தார்கள். செலவு 280 கோடி டாலர். பக்கச் சாலைகளையும் சேர்த்தால் மிக அகலமான இடத்தில் 26 தடம். 2011-க்கும் 2014-க்கும் இடையில் அதே சாலையில் மாலைப் பயண நேரம் பாதிக்கு மேல் கூடியது. இடம் இருக்கிறதென்று இன்னும் தொலைவில் வீடு கட்டினார்கள், அவ்வளவுதான். அந்தச் சாலையில் நான் தினமும் போய்வந்தவன். மகள் படித்த பள்ளியின் மாலை நிகழ்ச்சிகளில் பாதிக்குமேல் நான் போய்ச் சேரும்போது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருப்பார்கள். இந்த நஷ்டத்துக்கு எந்த வரிசையில் தொகை போடுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

ஹியூஸ்டனிலும் விலக்கு உண்டு. சிவப்பு வழித்தடம் நகர மையத்திலிருந்து அருங்காட்சியகங்கள் வழியாக டெக்சஸ் மெடிக்கல் சென்டருக்குப் போகிறது. அறுபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் ஒரே வளாகத்தில் இருக்கும், உலகிலேயே மிகப் பெரிய மருத்துவ நகரம் அது. அங்கே வேலை, அதே தடத்தில் வீடு என்றால் ஒரு தடவை போக 1.25 டாலர். மாதம் 22 நாள் போய்வர 55 டாலர்தான். சிகாகோ பாஸைவிட மலிவு. என் கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது. அதேபோல, சிகாகோ வேலை என்று சொல்லிக்கொண்டு புறநகரான நேப்பர்வில்லிலோ ஷாம்பர்க்கிலோ குடியேறும் நம் குடும்பங்களுக்கும் பொருந்தாது. அங்கே பள்ளிக்கூடம் நல்லது, தோட்டம் உண்டு, ஆனால் இரண்டு கார் வேண்டும். வரியும் கட்டி, இரண்டு காரும் வைத்தால் சிகாகோவின் லாபம் முழுக்கப் போய்விடும். ஹியூஸ்டன் புறநகரான சுகர்லேண்டில் இருக்கும் நண்பர் அதே வாழ்க்கையை 5,000 டாலர் குறைவாக வாழ்கிறார்.

வாடகையில் பெரிய வித்தியாசம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. 2018 முதல் 2022 வரையிலான அரசுக் கணக்கெடுப்பில், இரண்டு நகரங்களிலும் நடுமட்ட மாத வாடகை ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் இது ஊர் முழுவதையும் கலந்து எடுத்தது. சிகாகோவின் வடக்கில், ஏரியும் ரயிலும் பக்கத்தில் இருக்கும் லேக்வியூ மாதிரி இடங்களில் வாடகை இதைத் தாண்டி வெகுதூரம் போகும். ரோஜர்ஸ் பார்க்கில் அதே சிவப்பு ரயில், அதே ஏரி, வாடகை குறைவு. லயோலா நிலையத்தில் இறங்கி 155-ஆம் எண் பேருந்து ஏறினால் டேவன் அவென்யூ. கறிவேப்பிலையும் இட்லி அரிசியும் வாங்க மேற்கு நோக்கிப் போகிற பேருந்து அது. ஹியூஸ்டனில் அதே சாமான் ஹில்கிராஃப்ட் அவென்யூவில் கிடைக்கும். 2010 முதல் அந்தப் பகுதிக்கு மகாத்மா காந்தி டிஸ்ட்ரிக்ட் என்று பெயர். அங்கே காரில்தான் போவோம்.

சொந்த வீடு என்று வந்தால் பேச்சு மாறுகிறது. டெக்சஸில் வருமான வரி இல்லாவிட்டாலும் வீட்டு வரியில் பிடித்துக்கொள்வார்கள் என்பது எல்லோரும் சொல்வது. 3 லட்சம் டாலர் வீடு ஒன்றை இரண்டு ஊரிலும் வைத்துப் போட்டுப் பார்த்தேன். சிகாகோவில் சந்தை விலையில் பத்தில் ஒரு பங்கை எடுத்து, அதை மாநிலம் அறிவிக்கும் சமன் எண்ணால் பெருக்குவார்கள். அது மூன்றை ஒட்டி இருக்கும். 90,000 வரும். குடியிருப்போருக்கான 10,000 கழிவு போக 80,000. அதில் ஏறத்தாழ 7 சதவீதம். 5,600 டாலர். ஹியூஸ்டனில் எல்லா அமைப்புகளின் விகிதமும் சேர்ந்து நூறு டாலருக்கு 2 டாலரை ஒட்டி வருகிறது. ஆனால் சொந்தமாகக் குடியிருந்தால் பள்ளி வரியில் 2024-இல் இருந்த 1,00,000 டாலர் மதிப்புக்கான விலக்கு, நகராட்சியும் கவுன்டியும் தரும் 20 சதவீத விலக்கு எல்லாம் போக 4,000-க்கும் 5,000-க்கும் இடையில் நிற்கிறது. எல்லோரும் சொல்வது இந்த விலை வீட்டுக்குச் சரியில்லை. நகர எல்லைக்குள் ஹியூஸ்டனே குறைவு. தவிர, 3 லட்சத்துக்குச் சிகாகோவில் வருவதைவிட ஹியூஸ்டனில் பெரிய வீடு வரும்.

சிகாகோவில் அந்த வரி ஆண்டுக்கு இரண்டு தவணையாக வரும். முதல் தவணை, போன வருஷத்து மொத்தத் தொகையில் 55 சதவீதம். ரசீதைப் பிரித்தால் யார் யாருக்கு எவ்வளவு போகிறது என்று பட்டியல் இருக்கும். அதோடு ஒவ்வோர் அமைப்புக்கும் ஓய்வூதியக் கடன் எவ்வளவு என்றும் அச்சிட்டிருப்பார்கள். முதல் முறை அந்தத் தாளைச் சமையலறை மேஜையில் விரித்து வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நகராட்சியின் நான்கு ஓய்வூதிய நிதிகளில் மட்டும் பற்றாக்குறை 3,500 கோடி டாலருக்கு மேல். 1950-இல் சிகாகோவில் 36,20,962 பேர் இருந்தார்கள். 2020-இல் அதைவிட எட்டே முக்கால் லட்சம் குறைவு. பெரிய ஊராக இருந்தபோது கொடுத்த வாக்குறுதிக்குச் சின்ன ஊர் பணம் கட்டுகிறது. 1970 மாநில அரசமைப்பு அந்த ஓய்வூதியத்தைக் குறைக்கக் கூடாது என்கிறது. உழைத்தவர்களுக்கு அது நியாயம். ஹியூஸ்டன் அதே 1950-இல் 5,96,163 பேர் இருந்த ஊர். வளர்கிற ஊரின் கடனைச் சுமக்கப் புதிது புதிதாகத் தோள்கள் வந்துகொண்டிருக்கின்றன.

2008-இல் சிகாகோ செய்த ஒரு வியாபாரத்தையும் சொல்ல வேண்டும். பணமுடையில் இருந்த நகராட்சி, தெருவோரப் பார்க்கிங் மீட்டர்கள் சுமார் 36,000-ஐ 75 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. கிடைத்தது 115 கோடி டாலர். அடுத்த ஆண்டே நகராட்சியின் தலைமை ஆய்வாளர், குறைந்தது 97 கோடி டாலர் குறைத்து விற்றுவிட்டீர்கள் என்று அறிக்கை கொடுத்தார். மைய வட்டாரத்தில் மணிக்கு 3 டாலராக இருந்த கட்டணம் 7 ஆனது. குத்தகை முடிவது 2083-இல். அக்கா மகளின் பேரப்பிள்ளைகள் கட்டப்போகும் பணம் அது. எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

இனி, நான் எழுதத் தயங்கிய பக்கம். 2017 ஆகஸ்ட் கடைசியில் ஹார்வி புயல் வந்தபோது நாங்கள் ஹியூஸ்டனில் இருந்தோம். நான்கு நாளில் ஹாரிஸ் கவுன்டி மீது விழுந்த மழை ஒரு லட்சம் கோடி காலன். எங்கள் தெரு வெள்ள வரைபடத்தில் ஆபத்துப் பகுதிக்கு வெளியே இருந்தது. அதனால் வெள்ளக் காப்பீடு எடுக்கவில்லை. வழக்கமான வீட்டுக் காப்பீட்டில் வெள்ளம் சேராது. இரண்டாம் நாள் இரவு கராஜ் கதவின் அடியில் தண்ணீர் நாக்கை நீட்டியது. சாப்பாட்டு மேஜையில் முதலில் ஏற்றியது அரிசி மூட்டை, அடுத்து பாஸ்போர்ட் பெட்டி, அப்புறம் குழந்தைகளின் போட்டோ ஆல்பம். காலையில் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். வடிந்த பிறகு சுவர்ப் பலகையை நான்கு அடி உயரத்துக்கு அறுத்து எடுத்தோம். ஒரு வாரத்துக்குத் தெருவின் இருபக்கமும் ஈரக் கம்பளமும் சுவர்ப் பலகையும் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. அந்த வாடை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. கவுன்டியின் வெள்ளக்கட்டுப்பாட்டு அமைப்பு பின்னால் கணக்கெடுத்தது. வெள்ளம் புகுந்த வீடுகள் 1,54,170. அவற்றில் 64 சதவீதத்துக்கு வெள்ளக் காப்பீடு இல்லை. மூன்றில் இரண்டு வீடு, ஆண்டுக்கு நூற்றில் ஒரு வாய்ப்பு என்று வரைந்த வெள்ளக்கோட்டுக்கு வெளியே இருந்தவை. எங்கள் வீடும் அதில் ஒன்று.

ஆகையால் ஹியூஸ்டன் பக்கம் ஒரு செலவை நான் கட்டாயமாகச் சேர்க்கிறேன். வெள்ளக் காப்பீடு, வரைபடம் என்ன சொன்னாலும் சரி. அரசுத் திட்டத்தில் வீட்டுக்கு அதிகபட்சம் 2,50,000, உள்ளே இருக்கும் சாமானுக்கு 1,00,000 டாலர். பணம் கட்டி 30 நாள் கழித்தே பொதுவாக அமலுக்கு வரும். புயல் செய்தி கேட்டுவிட்டு எடுக்க முடியாது. வாடகைக்கு இருந்தாலும் சாமானுக்கு எடுத்துக்கொள்ளலாம். 2018-இல் அந்தக் கவுன்டி மக்கள் 250 கோடி டாலர் வெள்ளத்தடுப்புக் கடன்பத்திரத்துக்குச் சம்மதம் கொடுத்தார்கள். வேலை நடக்கிறது.

மின்சாரமும் உண்டு. 2024 மே மாதச் சூறைக்காற்றில் ஹியூஸ்டன் வட்டாரத்தில் பத்து லட்சத்தை நெருங்கிய இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. இரண்டு மாதம் முடிவதற்குள், ஜூலை 8 அன்று, பெரில் புயலில் 22 லட்சம் இணைப்புகளுக்குப் போனது. ஜூலை மாத ஹியூஸ்டனில் ஏசி இல்லாத வீட்டில் வயதானவர்களை வைத்துக்கொண்டு ஒரு ராத்திரி தள்ளுவது எப்படி என்று அங்கே இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

சிகாகோவின் குளிரைக் குறைத்துச் சொன்னால் அது அக்கா மகளுக்குச் செய்யும் துரோகம். 1985 ஜனவரியில் மைனஸ் 33 டிகிரி செல்சியஸ் பதிவான ஊர். 2019 ஜனவரி 30 அன்று மைனஸ் 31. அந்த வாரம் நான் பார்த்தேன், கண் இமையில் ஈரம் உறைந்து ஒட்டிக்கொண்டது. ரயில் நிலைய மேடையில் ஒரு பொத்தானை அழுத்தினால் தலைக்கு மேலே ஆரஞ்சு நிறத்தில் வெப்பக்குழல் எரியும். அதன் கீழே பத்துப் பேர் தோளோடு தோள் ஒட்டி நிற்போம். காலடியில் புறாக்களும் வந்து நிற்கும். நால்வருக்குக் கோட்டு, பூட்ஸ், கையுறை வாங்க முதல் வருஷம் ஆயிரம் டாலர் ஒதுக்கச் சொன்னேன். குழந்தைகளுக்கு வருஷா வருஷம் அளவு மாறும்.

ஆனால் உயிர்க்கணக்கைப் பார்த்தபோது நான் எதிர்பார்த்தது வேறு, வந்தது வேறு. குளிர் ஊரான சிகாகோவில் ஒரே வாரத்தில் பெருஞ்சாவு விழுந்தது வெயிலில். 1995 ஜூலையில் வெப்பம் 41 டிகிரி செல்சியஸைத் தொட்டது. அந்த நாட்களில் வழக்கத்தைவிடக் கூடுதலாக இறந்தவர்கள் 739 பேர். பலர் தனியாக வாழ்ந்த முதியவர்கள். வெயில் மாநிலமான டெக்சஸில் 246 உயிர்களைக் கொண்டுபோனது 2021 பிப்ரவரிப் பனி. மின்நிலையங்கள் உறைந்து நின்றன. 45 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இருண்டன. மொத்தச் சந்தையில் மின்சாரம் யூனிட்டுக்கு 9 டாலர் வரை விற்றது. தனக்குப் பழக்கமில்லாத பருவத்துக்கு இரண்டு ஊரும் வீடு கட்டி வைத்திருக்கவில்லை. அதனால் ஹியூஸ்டன் போனாலும் ஒரு நல்ல கம்பளிப் போர்வையும், சிகாகோ போனாலும் ஓர் ஏசியும் கணக்கில் வேண்டும்.

வேலை போனால் என்ன என்பதையும் எழுதினேன். மருத்துவக் காப்பீடு இல்லாதவர்களின் விகிதம் நாட்டிலேயே டெக்சஸில்தான் அதிகம். குறைந்த வருமானக்காரர்களுக்கான மெடிக்கெய்டு திட்டத்தை இல்லினாய் 2014-இல் விரிவாக்கியது. டெக்சஸ் விரிவாக்கவில்லை. குறைந்தபட்சக் கூலி 2024-இல் சிகாகோவில் மணிக்கு 16.20 டாலர், ஹியூஸ்டனில் 7.25. அக்கா மகளுக்கு இது நேரடியாகப் படாது. அவள் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்குப் படும்.

சுற்றிப் பார்க்க வருபவர்களுக்கு நீண்ட கணக்குத் தேவையில்லை. ஓட்டல் வரி இரண்டிலும் அடிக்கிறது, 2024-இல் சிகாகோ 17.4, ஹியூஸ்டன் 17 சதவீதம். சிகாகோவில் ஓஹேர் விமான நிலையத்திலிருந்தே நீல ரயில் இரவுபகலாக ஓடுகிறது. மூன்று நாள் பாஸ் 2024-இல் 15 டாலர். லிங்கன் பார்க் மிருகக்காட்சி சாலை இலவசம், ஏரிக்கரையில் 30 கிலோமீட்டர் நடைபாதை இலவசம். 1893 செப்டம்பரில் சர்வசமய சபையில் விவேகானந்தர் பேசிய கட்டடம்தான் இன்றைய ஆர்ட் இன்ஸ்டிடியூட். ராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி அவரை அந்தச் சபைக்குப் போகச் சொல்லி ஊக்கியவர்களில் ஒருவர். வெளியூர்க்காரருக்கு நுழைவு 32 டாலர், கொடுக்கலாம். ஹியூஸ்டனில் மெனில் கலைக்கூடமும் ராத்கோ சேப்பலும் இலவசம். ஆனால் விண்வெளி மையம் நகர மையத்திலிருந்து 40 கிலோமீட்டர். பியர்லாண்ட் மீனாட்சி கோயிலும் நகருக்கு வெளியே. காரை வாடகைக்கு எடுக்காமல் ஹியூஸ்டன் பார்த்தவர் பாதி பார்த்தவர்தான்.

ஒரு வாரம் கழித்து இந்த நோட்டை அப்படியே படம் பிடித்து அனுப்பினேன். அவர்கள் சிகாகோவுக்கு வந்தார்கள். அவள் கணவருக்கு ஷாம்பர்க்கில் அலுவலகம், காரில் போகிறார். அவள் பழுப்பு ரயிலில் நகர மையத்துக்கு. பாஸுக்குச் செய்த செலவை மாதாமாதம் குறித்து எனக்கு அனுப்புகிறாள். மூத்தவன் மூன்றாம் வகுப்புக்குப் போகும்போது நேப்பர்வில்லில் வீடு பார்க்கலாமா என்று இப்போதே பேச்சு. அப்போது இரண்டாவது கார் வாசலில் வந்து நிற்கும், கூட்டுத்தொகை புரளும். அந்தக் கணக்குக்கென்று நோட்டில் ஒரு பக்கத்தைத் தேதி மட்டும் போட்டுக் காலியாக விட்டிருக்கிறாள்.